விசாவின்படி வாலிபால் கோச்

2008 அக்டோபர் 5, ஞாயிறு

விளையாட்டுக் கட்டணக் கணக்கை முடித்தேன். மாணவர்கள் 312 பேர், தலைக்கு 750 திர்ஹாம். ஆக, இரண்டு லட்சத்து முப்பத்து நாலாயிரம். செலவு: கேரம் போர்டு இரண்டு, பவுடர் ஒரு டப்பா. கேரம் போர்டுகள் சேர்மன் வீட்டில் இருக்கின்றன. பவுடர் இங்கே பத்திரமாக இருக்கிறது.

அல் கூஸில் ஒரு கிடங்கின் முன்பாதிதான் எங்கள் கல்லூரி. பின்பாதியில் சேர்மனின் மூத்த தொழில்: கட்டட வேலைக்குச் சாரக் குழாய்களை வாடகைக்கு விடுவது. துபாய் முழுக்கக் கட்டடம் எழும்புவதால் குழாயெல்லாம் வெளியே போய்விட்டது, பின்பாதி காலி. கல்லூரியின் விளம்பரப் புத்தகத்தில் அதன் பெயர் 'உள்விளையாட்டு அரங்கம்'.

அக்டோபர் 14, செவ்வாய்

கல்லூரிக்கு அனுமதி தந்த அலுவலகத்திலிருந்து கடிதம். விளையாட்டுப் பணிக்கென்று விசா வாங்கியவர்கள் அந்தப் பணியைச் செய்கிறார்களா என்று நேரில் வந்து பார்ப்பார்களாம். கல்லூரி சார்பில் ஆண்டுதோறும் ஒரு அணியாவது கல்லூரிகளுக்கிடையேயான லீக்கில் முழுதாக ஆடவேண்டும். இல்லையென்றால் அந்த விசாக்கள் புதுப்பிக்கப்படமாட்டா; கல்லூரியின் லைசென்ஸும் மறுபரிசீலனைக்குப் போகும்.

என் விசா மார்ச்சில் முடிகிறது. அதில் என் தொழில்: வாலிபால் கோச்.

2006இல் நான் வந்தபோது அக்கவுன்டன்ட் கோட்டா காலி இல்லை. கோச் கோட்டா காலியாக இருந்தது. அரசாங்க அலுவலக வேலைகளைப் பார்க்கும் கீழக்கரை கலீலுர் ரஹ்மான் அண்ணன் அன்றைக்குச் சொன்னது: "விசாவுல உள்ளது கவர்மெண்டுக்கு. கையில உள்ளது நமக்கு. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதிய தம்பி." நான் குழப்பிக்கொள்ளவில்லை. இப்போது கவர்மெண்ட் குழப்பிக்கொண்டது.

எங்கள் விளையாட்டுத் துறை மூவர் கொண்டது. நான். நூலகர் நாகவள்ளி அம்மா, ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளர். ஒரு மாடி ஏற இரண்டு முறை நிற்பவர். டீ போடும் பத்திநாதன், நீச்சல் குள உயிர்காப்பாளர். கல்லூரியில் நீச்சல் குளம் இல்லை.

"கொளமே இல்லாத எடத்துல நான் யாரைக் காப்பாத்த சார்? டீக்குள்ள வுழுந்த ஈயத்தான்" என்றார் பத்திநாதன். மணப்பாடு பக்கத்துக்காரர். மூன்று பேரில் விசா உண்மை சொல்வது அவர் ஒருவருக்குத்தான்; கடலில் ஒரு மணி நேரம் நீந்துவார்.

வீட்டில் மனைவி சந்தியாவிடம் சொன்னேன். என் விசா போனால் மகளோடு நாங்கள் மூன்று பேரும் முப்பது நாளில் கிளம்பவேண்டும். "தாமரைக்கு மார்ச்சுலதாங்க பத்தாவது பரீட்சை" என்றாள்.

அக்டோபர் 20, திங்கள்

சேர்மனிடம் மதிப்பீடு கொடுத்தேன்: நாற்பத்தோராயிரம்.

"டீம்தானே? போட்டுடலாம். எதுக்கு இவ்ளோ?"

விளையாட்டுக் கட்டணம் வருகிறதே என்றேன்.

"அது வேற, இது வேற."

எது எதிலிருந்து வேறு என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரம் அனுமதித்தார். வலை கட்ட நாலு சாரக் குழாய் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பெருந்தன்மை என்று நினைத்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

குழாய்க்கு பில் வந்துவிட்டது. சேர்மனின் குழாய் கம்பெனியிலிருந்து சேர்மனின் கல்லூரிக்கு. குழாய் நான்கு, மாத வாடகை நானூறு, தலைப்பு: விளையாட்டு. பதிவு செய்தேன்.

நவம்பர் 3, திங்கள்

வாலிபால் அணிக்கு ஆள் கேட்டு அறிவிப்பு ஒட்டியதற்குப் பையன்கள் வந்து கிரிக்கெட் உண்டா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பெண்கள் ஏழு பேர் நின்றார்கள். அவர்களில் ஜெஸ்மி, பி.காம். இரண்டாம் ஆண்டு. அம்மா குளச்சல் பக்கத்து நர்ஸ். இவள் பிறந்ததே இங்கே. பள்ளி அணிக்கு ஆடியவள்.

"ஃபீஸ் கவுன்ட்டர் சார்தானே நீங்க? கோச் எப்ப வருவார்?"

"நான்தான்மா கோச்."

"ஓ மை காட்" என்றாள். மரியாதையாகத்தான்.

நவம்பர் 11, செவ்வாய்

நாகவள்ளி அம்மா நூலகத்தில் ஒரு விதிப்புத்தகம் தேடிக் கொடுத்தார். 1974 பதிப்பு. இரண்டு இரவு படித்து, இன்று ஆட்டத்துக்குப் புள்ளி போட்டேன். சர்வீஸ் போட்ட அணி வென்றால் மட்டும் புள்ளி.

"சார், அது எங்க அம்மா காலத்து ரூல். இப்ப யார் மிஸ் பண்ணாலும் ஆப்போசிட்டுக்கு பாயின்ட்" என்றாள் ஜெஸ்மி.

ஒவ்வொரு தவறும் அந்த நொடியே எதிராளிக்கு வரவு. இங்கே பற்று, அங்கே வரவு. இரட்டைப் பதிவு முறை! இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. பதினெட்டு வருஷமாக நான் செய்வது இதைத்தான்.

நவம்பர் 20, வியாழன்

முதல் ஆட்டம். 25–7, 25–9, 25–6. எண்களை வெற்றி பெற்றவர் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறேன். அது நாங்கள் இல்லை.

டிசம்பர் 1, திங்கள்

அதிகாரி வந்தார். இளைஞர், மிகவும் மரியாதை. "கோச் யார்?" என்றார். விசில் ஊதினேன். ஊதியிருக்கவேண்டியதில்லை, பதற்றம். பெண்கள் நிஜமாகவே ஆடிக் காட்டினார்கள். தலையசைத்தார்.

நாகவள்ளி அம்மாவை ஏறிட்டுப் பார்த்தார். எதையும் செய்து காட்டச் சொல்லவில்லை. நல்ல மனிதர்.

உயிர்காப்பாளர் அவருக்கு டீ கொண்டுவந்தார். "குளம் எங்கே?" என்று கேட்டார் அதிகாரி. "அடுத்த ஃபேஸ்ல வருது சார்" என்றார் சேர்மன். அதிகாரி டீயைக் குடித்தார், எழுதினார், போனார்.

டிசம்பர் 4, வியாழன்

இரண்டாவது தோல்வி. மூன்று வருஷமாக நான் கொடுத்துவரும் மனுவைச் சேர்மன் இன்று ஏற்றுக்கொண்டார்: என் விசாவில் தொழிலை 'அக்கவுன்டன்ட்' என்று மாற்றலாம். கோட்டா ஒன்று காலியாகிறதாம். சந்தியா பாயசம் வைத்தாள்.

2009 ஜனவரி 12, திங்கள்

வேலை நின்ற சைட்டுகளிலிருந்து சாரக் குழாய்கள் திரும்பி வருகின்றன. தினம் இரண்டு லாரி. செய்தித்தாள் நிலைமை சீராக இருப்பதாகச் சொல்கிறது. பின்பாதியில் அடுக்கியதில் எங்கள் மைதானம் ஐந்து அடி குறைந்திருக்கிறது. எல்லைக் கோட்டு டேப்பைப் பிய்த்து உள்ளே தள்ளி ஒட்டினோம்.

மூன்றாவது தோல்வியும் ஆயிற்று. மூன்று ஆட்டத்துக்கும் பேரேடு போட்டுப் பார்த்தேன். நாங்கள் போட்ட சர்வீஸில் பாதிக்கு மேல் வலையில் பட்டு எதிரணிக்கே வரவாகியிருந்தது. எங்கள் தோல்வியில் எதிரணிக்குப் பெரிய பங்கு இல்லை.

எல்லோரும் கீழிருந்து கையால் தட்டி சர்வீஸ் போடுங்கள் என்றேன்.

"அண்டர்ஆர்ம்மா? சார், கேஜி பிள்ளைங்கதான் அப்படி போடும். சிரிப்பாங்க!"

"சிரிக்கட்டும்மா. சிரிப்புக்குப் பாயின்ட் கிடையாது."

ஜனவரி 20, செவ்வாய்

நாலாவது ஆட்டம். தோல்வி. ஆனால் 25–21, 25–22, 25–23. சிரித்தவர்கள் மூன்றாவது செட்டில் சிரிக்கவில்லை.

ஜனவரி 29, வியாழன்

பத்திநாதனின் விசா ரத்து. குளம் இல்லாததால் உயிர்காப்பாளர் தேவையில்லை என்று அலுவலகம் எழுதிவிட்டது. நியாயம்தான். அவர் கணக்கை முடித்ததும் நானே, காசோலையை நீட்டியதும் நானே. என்ன பொழப்புடா இது — நீந்தத் தெரிஞ்ச ஒரே ஆளு. விசில் ஊதக்கூடத் தெரியாத நான் இங்கே உட்கார்ந்திருக்கேன்.

அவர்தான் என்னைத் தேற்றினார். "மூணு வருசம் லைஃப்கார்டா இருந்தேன். ஒருத்தனாவது முங்கிச் செத்தானா? ரெக்கார்டு சார்!"

பிப்ரவரி 5, வியாழன்

கடைசி ஆட்டம். வென்றோம். 25–19, 23–25, 25–20, 25–22. ஜெஸ்மி கடைசிப் புள்ளியையும் கேஜி பிள்ளை மாதிரிதான் போட்டாள். எதிரணியின் கோச், உண்மையான கோச், வந்து கைகுலுக்கி, எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று கேட்டார். அல் கூஸில் என்றேன். அது ஏதோ பெரிய அகாடமி என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, தலையசைத்தார்.

வீட்டில் தாமரை "அப்பா, யூ வன்?" என்று நம்பாமல் இரண்டு முறை கேட்டாள். வருடக் கணக்கு பைசா பிசகாமல் முடிந்த நாளில்கூட என்னை யாரும் இப்படிப் பார்த்ததில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

சுற்றறிக்கை. சிக்கன நடவடிக்கை. கல்லூரியின் கணக்கு வேலை முழுவதும் மார்ச் முதல் சென்னையில் ஒரு நிறுவனத்துக்கு. இங்கே கணக்குப் பிரிவு மூடப்படும்.

தூக்கம் இல்லை. பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கு. டிசி வாங்கணுமா? எங்க போய்ச் சேர்ப்பேன்? லீக்கை முழுசா ஆடிட்டோமே, அதுக்காகத்தானே இவ்வளவும்!

பிப்ரவரி 16, திங்கள்

காலையில் கலீல் அண்ணன் ஒரு படிவத்தோடு வந்தார். மூன்று வருஷமாக நான் கேட்ட படிவம். தொழில் மாற்றம்: வாலிபால் கோச் என்பதிலிருந்து அக்கவுன்டன்ட். எல்லா முத்திரையும் விழுந்துவிட்டது. என் கையெழுத்து மட்டும் பாக்கி.

பேனாவை எடுத்தேன். அண்ணன் கையை எடுக்காமல் படிவத்தின் மேலேயே வைத்திருந்தார்.

"அவசரப்படாதிய தம்பி. அக்கவுன்டன்ட் இனி இந்தக் காலேஜுக்கு வேணாம். கோச்சு வேணும். அக்டோபர்ல வந்த கடுதாசி அப்புடித்தானே சொல்லுது? கோச்சு இல்லாட்டி டீம் இல்ல. டீம் இல்லாட்டி லைசென்ஸுக்கே மாட்டிக்கும்."

"அப்ப விசாவுல உள்ளது…?"

"இப்ப அதுதான் நமக்கு."

படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

சேர்மன் அறை. அந்த அக்டோபர் கடிதத்தின் நகலை மேஜையில் வைத்தேன். படித்தார்.

"நீங்க கோச்சாதான் இருக்கீங்களா? மாத்தலையா?"

"மாத்தலை சார்."

"கோச்சுக்கு எல்லாம் மூவாயிரத்துக்கு மேல கிடையாது."

குடும்பத்தை விசாவில் வைத்திருக்கச் சம்பளம் நாலாயிரமாவது வேண்டும். இப்போது வாங்குவது நாலாயிரத்து எண்ணூறு. நாலாயிரம் என்றேன்.

"எதுலேர்ந்து தர்றது?"

"விளையாட்டுக் கட்டணம் இரண்டு லட்சத்து முப்பத்து நாலாயிரம் சார். செலவு எழுதியது நான்தான். எல்லாம் வரிவரியாக மனப்பாடமா இருக்கு."

மின்விசிறியை வெகுநேரம் பார்த்தார். "அது வேற, இது வேற" என்பார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 10, செவ்வாய்

விசா புதுப்பித்தாயிற்று. மூன்று வருஷம். தொழிலில் எழுத்துப் பிழைகூட இல்லை. தாமரைக்கு இன்று கணக்குப் பரீட்சை, சுலபமாம்.

ஏப்ரல் 6, திங்கள்

சென்னையிலிருந்து போன். வைரவன் என்று ஒரு பையன், புதிதாக எங்கள் கணக்கைப் பார்ப்பவன். குரலில் அக்கறை இருந்தது.

"சார், ஸ்போர்ட்ஸ் அக்கவுன்ட்ல மாசாமாசம் குழாய் வாடகைன்னு இருக்கே. அது என்ன விளையாட்டு சார்? அப்புறம் சம்பளக் கணக்குல லைஃப்கார்டுன்னு ஒருத்தருக்கு மூணு வருஷம். ஸ்விம்மிங் பூல் மெயின்டனன்ஸ் ஒரு வரிகூட இல்லையே?"

நல்ல அக்கவுன்டன்ட். நானும் இப்படித்தான் கேட்டிருப்பேன். கேட்டிருக்கவேண்டும்.

"கணக்கு விஷயமெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. நான் வாலிபால் கோச்."

"ஓ. சாரி சார்" என்று வைத்துவிட்டான்.

பின்பக்கம் லாரி வந்து நின்றது. ஜெஸ்மி எட்டிப் பார்த்து, "சார், இன்னும் ரெண்டடி போச்சு" என்றாள். டேப்பை எடுத்துக்கொண்டு போனேன்.