ஸ்பேர் சாவிக்கு ஒரு இடம்

திருத்தணி
கார்த்திகை மாதம், வியாழக்கிழமை

அன்புள்ள ஹரிஹரனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. தணிகைமலையான் தயவில் நானும் உன் நைனாவும் சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் நிர்மலாவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு எந்நேரமும் நினைப்பு. தினம் போனில் பேசுகிறவள் எதற்குக் காகிதம் எழுதுகிறாள் என்று கேட்பாய். நீ கூப்பிட்டால் போதும், ஸ்பீக்கரில் போடச் சொல்லி உன் நைனா பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிப் பேசுவது. மேலத்தெரு அனிதா லீவு முடிந்து டப்ளினுக்குத் திரும்புகிறாள் என்றதும் அவளிடமே கொடுத்தனுப்பலாம் என்று எழுத உட்கார்ந்தேன். பயந்துகொண்டு படிக்காதே, எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகுதான் எழுதுகிறேன்.

ஐப்பசியில் திருவள்ளூர் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது கனகம்மாசத்திரம் பக்கத்தில் நம் கார் ரோட்டை விட்டு இறங்கி வரப்பில் முட்டி நின்றது அல்லவா, நாய் குறுக்கே வந்தது என்று நைனா உன்னிடம் சொன்னார். நாய் எதுவும் வரவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த எனக்குத் தெரியும், அவர் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது, கூப்பிட்டால் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். சர்க்கரை திடீரென்று இறங்கிவிட்டது. டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்து, தான் சொல்லும் வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் ரிமோட் சாவியை என் கையில் வைத்து, "நீயே வச்சிக்கோ கோமளா" என்றார், அவ்வளவுதான், அன்று ராத்திரி சாப்பாடு கூட சரியாக இறங்கவில்லை அவருக்கு. அதிலிருந்து எங்கேயாவது போக வேண்டுமானால் சிங்காரம் வந்து ஓட்டுகிறான், நிதானமான பிள்ளை. சாவி எப்போதும் என் இடுப்பில்தான்.

ஸ்பேர் சாவிதான் எனக்குக் கவலை. பீரோவில் வைத்தால் வேட்டி எடுக்கும்போது கண்ணில் படும் என்று சாமி ரூமில் ஊதுபத்தி டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தேன். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் வண்டி நிற்கிறது, சாவி பக்கத்தில் இருந்தாலே பட்டனைத் தொட்டால் கதவு திறந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஓட்டாவிட்டாலும் காலையில் வண்டியைத் துடைப்பதை அவர் விடவில்லை. ஒருநாள் நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, துடைத்த கை கைப்பிடிப் பட்டனில் பட்டுக் கதவு திறந்துகொண்டதாம். உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் சாவியைக் காணோம் என்று எழுத்து வந்ததே தவிர வண்டி கிளம்பவில்லை. கதவு திறக்கிறது, கிளம்பவில்லை என்றால் சாவி பக்கத்தில்தான் எங்கேயோ இருக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டுமா. சுவரைப் பார்த்திருக்கிறார், நேராகச் சாமி ரூமுக்குப் போய் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல இட்லி சாப்பிட வந்து உட்கார்ந்தார். இதெல்லாம் பிறகு அவரே சொன்னதுதான்.

கிருத்திகைக்கு நான் மட்டும் மலைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் வீட்டு முன்னால் வண்டி இல்லை. சாவி என் இடுப்பில் இருக்கிறது, வண்டியைக் காணோம். ஓடிப்போய் ஊதுபத்தி டப்பாக்களை எடுத்துப் பார்த்தேன். போன் அடித்தால் எடுக்கவில்லை. கனகம்மாசத்திரத்தில் அவர் முகம் இருந்த இருப்பு கண் முன்னால் வந்துவிட்டது, பிரசாதத் தட்டை எங்கே வைத்தேன் என்று கூட எனக்கு நினைவில்லை. சிங்காரத்தைக் கூப்பிட்டு அவன் வந்து சேர்வதற்குள் இவரே போன் செய்தார். "பொதட்டூர்பேட்டை ரோட்ல ஓரமா நின்னுகினு இருக்கேன். சிங்காரத்தைக் கூட்டிகினு வா. பயப்படாத, வெல்லம் வாய்ல போட்டுகினேன்" என்றார். ஆட்டோ பிடித்துப் போனோம். வண்டி புளியமரத்துக்குக் கீழே நின்றது, நாலு விளக்கும் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. அவர் டிரைவர் சீட்டில் இல்லை, பக்கத்து சீட்டுக்கு மாறி உட்கார்ந்திருந்தார். கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. "கை நடுங்க ஆரம்பிச்சிது, எதிர்ல ஸ்கூல் வேன் வந்துகினு இருந்திச்சி. எனக்கு எதுனா ஆனா பரவால்ல, அந்தப் புள்ளைங்க என்னா பாவம் பண்ணிச்சி. அப்படியே ஓரங்கட்டிட்டேன்" என்றார். பின்சீட்டில் ஒரு பொட்டலம். பொதட்டூர்பேட்டைப் பரந்தாமன் தறியில் உனக்காக எடுத்த கைலிகள், இந்தக் காகிதத்தோடு வருகிறதே அதுதான். அனிதா கிளம்புவதற்குள் தானே பார்த்து எடுக்க வேண்டும் என்று போயிருக்கிறார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. "ஏங்க, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சிங்காரத்தை வரச்சொல்லி நானும் கூட வந்திருப்பேனே, உங்களுக்கு எதுனா ஆயிருந்தா அந்தக் கைலிய என் புள்ள கட்டுவானா" என்று கேட்டுவிட்டேன். சட்டைப்பையிலிருந்து ஸ்பேர் சாவியை எடுத்து என் முன்னால் வைத்தார். எங்கே வைத்தால் பத்திரம் என்று நான் ஒவ்வொரு இடமாகச் சொல்ல, "எங்க வச்சாலும் எடுத்துடுவேன் கோமளா" என்று அவரே சொன்னார். பிறகு, "அம்மையார்குப்பத்துல அம்சாகிட்ட கொடுத்துடலாம்" என்றார். உன் அத்தையிடமா என்று கேட்டேன். "ஆங். நான் தூக்கி வளத்த பொண்ணு அவ. டாக்டர் ஓட்டச் சொன்னாரான்னு கேப்பா. அவ மூஞ்சியப் பாத்துகினு எனக்குப் பொய் வராது" என்றார். எனக்குக் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

மறுநாளே சிங்காரத்தை வைத்துக்கொண்டு போனோம். அம்சா சாவியை வாங்கி மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் வைத்து, பேத்தி கைக்கு எட்டாமல் பரண்மேல் ஏற்றிவிட்டாள். "டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டோட வாங்க அண்ணா, அப்பதான் தருவேன்" என்றாள், உன் நைனாவும் சிரித்துவிட்டார்.

இதையெல்லாம் போனில் கேட்டு அவரைக் கண்டிக்காதே, வெட்கப்படுவார். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று முதலில் அவரிடம் பேசு, பிறகு என்னிடம் பேசு, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். உங்கள் ஊரில் வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சிக்னலை வெளியிலிருந்தே பிடித்து வண்டி திருடுகிறார்கள் என்று நீதானே சொன்னாய், வீடியோவில் பார்த்தால் உன் வண்டிச் சாவி இரண்டும் வாசக்கதவுப் பக்கத்து ஆணியில் ஒன்றாகவே தொங்குகிறது. ஒன்றையாவது உள்ரூமில் மூடிபோட்ட தகர டப்பாவில் வை, வைத்த இடத்தை நிர்மலாவிடமும் சொல்லி வை. குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

அம்மையார்குப்பத்திலிருந்து வரும்போது நைனா வழியெல்லாம் சிங்காரம் பிரேக் போடுவதற்கு முன்னால் தானே வெறும் தரையை மிதித்துக்கொண்டு வந்தார். ஆர்.கே.பேட்டை தாண்டியதும் சத்தம் இல்லை, பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன், தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் ஓடுகிற வண்டியில் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. "மெதுவா போப்பா" என்று சிங்காரத்திடம் சொன்னேன்.

நீயும் நிர்மலாவும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு நன்றாக இருக்க அந்த முருகன் துணை இருப்பான். கைலியைக் கட்டி ஒரு போட்டோ அனுப்பு, அவர் போனுக்கு.

உன் பிரியமுள்ள அம்மா,
ப. கோமளவல்லி