அடுப்படிப் பெரட்டு

டயகம
14.7.1982

அன்புள்ள தம்பி றோலண்டுக்கு,

மஸ்கட்டிலிருந்து உன் கடிதம் வந்து ஏழு வாரமாகிறது. தபால் தாமதமாக இருக்கலாம். பிள்ளைகள் இருவரும் சுகம். பிலோமினாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. இங்கே ஓயாத மழை.

தாய் மரியநாயகி இறந்தபின் உன் பெண்கள் ஒரு வேலையும் தொட மறுத்ததை எழுதியிருந்தேன். திட்டிப் பயனில்லை என்று ஒரு விளையாட்டு வைத்தேன். தேயிலைத் தோட்டத்துப் பெரட்டில் கங்காணி பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதுபோல, காலையில் மூத்தவள் டோரீன் பேர் எழுதும் கொப்பியோடு அடுப்படியில் நிற்பாள். வேலையை முடித்தால் முழுப் பேர், மிச்சம் வைத்தால் அரைப் பேர், வேலைக்கே வராவிட்டால் சைபர். எனக்கே இரண்டு தடவை அரைப் பேர் போட்டாள். சட்டிகளெல்லாம் மினுங்கத் தொடங்கின.

போன மாதம் ஒருநாள், "மரியநாயகி, சாம்பல் அள்ளி அடுப்பு மெழுகி, தண்ணி எடுத்து வைக்கணும்" என்று கூப்பிட்டாள். துக்கம் ஆறட்டும் என்று நான் தடுக்கவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு மூவரும் பள்ளிக்கூடம் போனோம். திரும்பி வந்தபோது அடுப்பு மெழுகியிருந்தது, ஈரம் காயவில்லை. உன் மனைவி மூன்று விரலால் இழுப்பாளே, அதே வளைவு.

பிலோமினா ஆச்சரியப்படவில்லை. "தண்ணி எடுத்து வைக்கலியே அத்தை. அம்மாவுக்கு அரைப் பேருதான்" என்றாள்.

பக்கத்து லயத்து வீட்டு மீனம்மாவை விசாரித்தேன். "பூட்டுன வீட்டுக்குள்ள நான் எப்புடி டீச்சரம்மா போவேன்? நான் என்ன பூனையா?" என்று சிரித்தாள். ஜன்னல்களையும் சோதித்தேன். எல்லாம் உள்ளே பூட்டியபடியே இருந்தன. அன்றிலிருந்து தினமும் அடுப்பு மெழுகியே இருக்கிறது.

போன வாரம் திங்கட்கிழமை டோரீன் உன் பெயரைக் கூப்பிட்டாள். உனக்கு விறகு பிளக்கும் வேலை.

அன்று வகுப்பில் என்ன படிப்பித்தேன் என்று தெரியாது. வந்ததும் விறகுக் கொட்டிலுக்குத்தான் ஓடினேன். கட்டைகள் போட்டபடியே கிடந்தன. "அப்பா மட்டும் ஏன் அத்தை வேலைக்கு வரல?" என்று பிலோமினா அழுதாள். எனக்கு அதன்பிறகுதான் சோறு இறங்கியது.

தினமும் கூப்பிடுகிறார்கள். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிறுத்திவிட்டால் நானும் எதைப் பார்த்து இருப்பேன்? இன்று மாலைவரை ஒரு கட்டைகூடப் பிளக்கவில்லை.

ஒரு வரி எழுது. முடிந்தால் வந்துவிடு.

நான் அதிகம் ஜெபிப்பவள் இல்லை என்று உனக்குத் தெரியும். உன் பெயருக்கு நேரே டோரீன் இன்றும் கோபத்தோடு சைபர் போட்டிருக்கிறாள். ஆண்டவர் அந்தச் சைபரை அழிக்காமல் வைத்திருக்கட்டும்.

உன் அக்கா
பெற்றீசியா