சலவைக்காரி துப்பறிகிறாள்

படப்பை,
நவம்பர் 14.

அன்பு மகள் ஜாஸ்மினுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் தயவில் நானும் அம்மாவும் சுகம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நாம் பேசுவதை அம்மா ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பாள். இது உனக்கு மட்டும்.

முதலில் நல்ல செய்தி. நம் ‘சலவைக்காரி துப்பறிகிறாள்’ படக்கதையை அச்சிடச் சென்னைப் பதிப்பகம் ஒன்று ஒப்புக்கொண்டது. ஒரகடம் கார் கம்பெனியில் கதவில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிற ஒருவர் விக்டோரியா மகாராணி காலத்துத் தெருவையும் குதிரை வண்டியையும் எப்படி இத்தனை துல்லியமாக வரைந்தார் என்று அந்தப் பதிப்பாசிரியர் அம்மா கேட்டார். என் மகள் இங்கிலாந்தில் பிராட்போர்டில் இருக்கிறாள், பழைய ஆலை, விளக்குக் கம்பம், கல் படிக்கட்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்புகிறாள் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

என்னோடு லைனில் நிற்கும் டில்லிபாபு டீ பிரேக்கில் ஒவ்வொரு பக்கமாகப் படித்தான். "ஆலை மொதலாளிய கொன்னது யாருண்ணே? சொல்லலன்னா எனக்கு வேலையே ஓட மாட்டேங்குது" என்று பத்து நாள் நச்சரித்தான். கொலைகாரன் மருமகன்தான் என்று தானே கண்டுபிடித்த மாதிரி இப்போது கேன்டீனில் சொல்லிக்கொண்டு திரிகிறான். புத்தகம் வருவதற்குள் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கீறல் பார்ப்பது என் தொழில் மகளே. என் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

ஆரம்பத்தில் நீ அனுப்பிய படங்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை எடுத்தவை. அவசரம் அவசரமாக, பாதியில் உன் விரல் மறைத்தபடி இருக்கும். இந்த மூன்று வாரமாக வந்த பதினான்கு படமும் நிதானமாக எடுத்தவை. ஒன்றில் சர்ச் கடிகாரம் பதினொன்றரை காட்டுகிறது. அதன் கீழே பள்ளிப் பிள்ளைகள் சீருடையில் வரிசையாகப் போகிறார்கள். முதியோர் இல்லத்தில் காலை ஏழு முதல் மூன்று வரை உனக்கு டூட்டி என்றாய். இன்னொன்றில் கடைக் கண்ணாடியில் நீயே தெரிகிறாய். கழுத்தில் அடையாள அட்டை இல்லை. முகத்தில் சதையே இல்லை.

வேலை போய்விட்டது, இல்லையா?

கோபமில்லை. நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஸ்ரீபெரும்புதூரில் என் பழைய கம்பெனியை ஒரே நாளில் மூடினார்கள். நான் வீட்டில் சொல்லவில்லை. தினமும் யூனிஃபார்ம் போட்டு, டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு, கம்பெனி பஸ் வரும் இடம்வரை நடந்து, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து நூலகத்துக்குப் போய் உட்காருவேன். நாற்பது நாள். லண்டன் பனியில் நடக்கும் கொலைக் கதைகளைப் படமாக வரைந்து பைண்டு செய்த ஒரு தொகுப்பு அங்கே கிடந்தது. அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். என் நோட்டில் முதல் தொப்பியும் முதல் விளக்கும் வரைந்தது அங்கேதான்.

நாற்பதாம் நாள் அம்மா டிபன் பாக்ஸை நீட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்: "இன்னா, இன்னிக்கும் லைப்ரரிதானா? சாயங்காலம் சீக்கிரம் வந்துடு. ஒரகடத்துல ஆள் எடுக்கிறாங்களாம், ரெண்டு பேருமா போய் பார்க்கலாம்." எப்படித் தெரியும் என்றேன். ஒன்பதாம் நாளே தெரியுமாம். துவைக்கும்போது சட்டையில் ஆயில் வாடை இல்லை, முழங்கையில் மட்டும் மேஜை அழுக்கு, பையில் நூலக ஸ்டாப்புக்கு டவுன் பஸ் டிக்கெட். அதற்குப் பிறகும் முப்பத்தொரு நாள் எனக்கு முட்டையும் சோறும் கட்டிக் கொடுத்திருக்கிறாள். வாசலிலேயே நின்று அழுதுவிட்டேன். நீ பள்ளிக்குப் போயிருந்தாய்.

நம் கதையில் போலீஸை விட்டுவிட்டுச் சலவைக்காரியை ஏன் துப்பறிய வைத்தீர்கள் என்று போன மாதம் கேட்டாயே. அவள் உன் அம்மாதான். மூக்கைக்கூட மாற்றவில்லை.

அந்த நாற்பது நாளில் வேலை போனதைவிட, யாரிடமும் சொல்லாமல் நடந்ததுதான் எனக்குப் பெரிய பாரமாக இருந்தது. நீ கடல் தாண்டித் தனியாக அதே பாரத்தோடு நடக்கிறாய். வேறு வேலை தேடுவதென்றால் தேடு. உன்னால் முடியும், எனக்குச் சந்தேகமே இல்லை. திரும்பி வருவதென்றாலும் தலை நிமிர்ந்து வா. ஊரில் யார் என்ன கேட்டாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். எதுவானாலும் ரொட்டியோடு நிறுத்தாமல் நேரத்துக்குச் சோறு வைத்துச் சாப்பிடு.

நான் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கண்ணாடிப் படத்தை அவளும் பெரிதாக்கிப் பார்த்தாள். நேற்று இரண்டு முறை போனில் உன் பெயர்வரை போய்விட்டு, அழுத்தாமல் வைத்துவிட்டாள். நீ சொல்வதற்காகக் காத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். இந்த முறை அவளை முப்பத்தொரு நாள் காக்க வைக்காதே மகளே. கடிதம் கிடைத்ததும் கூப்பிடு. நான் போனை எடுக்க மாட்டேன், அவளே எடுக்கட்டும்.

கர்த்தர் உன் கூடவே நடப்பாராக.

அன்புள்ள அப்பா,
ஜெபகுமார்