பன்னிரண்டுக்குப் பத்து

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

புது வீட்டு பிளான் வந்து சேர்ந்தது. சாப்பாட்டு இடைவேளையிலேயே பிரித்துப் பார்த்துவிட்டேன். முன்வாசலை ஒட்டிய கட்டத்துக்குள் பென்சிலால் 'அத்தை ரூம்' என்று கோணல்மாணலாக எழுதியிருக்கிறதே, உன் மகள் வேலைதானே? அந்தக் கையெழுத்துக்கே அவளுக்கு ஒரு கவுன் தைத்துத் தர வேண்டும்.

பன்னிரண்டுக்குப் பத்து அடி. இருபத்தாறு வருஷம் துணி வெட்டியவள் நான், காகிதத்தில் இருப்பதை லேசில் நம்பமாட்டேன். வேலை முடிந்ததும் கம்பெனிக் கூடத்துத் தரையில் தையல் சுண்ணக்கட்டியால் அதே அளவுக்குக் கோடு போட்டுப் பார்த்தேன். இங்கே கட்டில், ஜன்னலடியில் என் மெஷின். நடுவில் கைவீசி நடக்கவும் இடமிருந்தது. "என்னக்கா, கோட்டுக்குள்ளயே குடித்தனம் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கூட வேலை செய்யும் பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கத்தரி பிடித்துப் பிடித்து வலது தோள் மேலே தூக்க வரவில்லை. என் அறைத் தாழ்ப்பாளை இடுப்பு உயரத்தில் வைக்கச் சொல். விடுதியில் மூன்று பேர் படுக்கும் அறையிலேயே காலம் போய்விட்டது. சொந்தமாக ஒரு கதவைச் சாத்தித் தாழ் போட்டு நான் தூங்கியதே இல்லை.

ஜூலையில் எனக்கு ஓய்வு. கட்டில் வருகிறதோ இல்லையோ, நான் வந்துவிடுவேன்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மகள் மூன்று தரம் வாசிக்க வைத்தாள். கவுன் என்ன நிறம் என்று கேட்கிறாள்.

பிளானில் ஒரு சின்ன மாற்றம். மாடிப்படி வெளியே இருந்தால் மழையில் நனையும் என்று உள்ளே கொண்டுவருகிறோம். அது உன் அறைப் பக்கம்தான் இறங்குகிறது. பத்துக்கு எட்டு வரும். கோபித்துக்கொள்ளாதே.

அப்பா அம்மா போன பிறகு என்னைப் படிக்கவைக்க நீ ஊர்விட்டு ஊர் போனதை நான் மறக்கவில்லை. அக்காவுக்குத்தான் முதல் அறை என்று என் மனைவியிடமும் சொல்லியிருக்கிறேன். "வரட்டும், நல்லதுதான். எனக்கும் நிக்க ஒரு இடம் வேணுமில்ல?" என்றாள். விளையாட்டாகத்தான்.

அன்புடன்,
தம்பி

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

படி இல்லாமல் மாடிக்குப் பறந்தா போவீர்கள்? இதற்கா கோபிப்பேன். பழைய கோட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். கட்டிலைச் சுவரோடு தள்ளினால் மெஷினுக்கு இடம் கிடைக்கிறது. நாற்காலிக்கு இல்லை. கட்டிலில் உட்கார்ந்தே தைத்துக்கொள்கிறேன், அப்படியே சாய்ந்துகொள்ளவும் வசதி. விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும்.

காலை வெளிச்சம் வரும் ஜன்னலை மட்டும் விட்டுவிடாதே. தாழ்ப்பாளைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லையே.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 11

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். பிளானுக்கு ஒப்புதல் வந்துவிட்டது, நகல் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அஸ்திவாரம்.

வண்டி நிறுத்த இடம் விட வேண்டும் என்றார்கள். முன்சுவர் உள்ளே வந்துவிட்டது. அதனால் எட்டுக்கு ஏழு. மெஷினைச் சமையலறைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம் என்கிறாள் இவள். அவள் அம்மாவும் அவ்வப்போது வந்து தங்குவார்கள். அந்த நாட்களில் நீங்கள் இருவரும் எப்படியாவது சமாளித்துக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

தோளுக்கு மருந்து தடவுகிறாயா?

அன்புடன்,
தம்பி

ஏப்ரல் 24

தம்பிக்கு,

நகலைப் பார்த்தேன். அந்தக் கட்டத்துக்குள் 'விருந்தினர் அறை' என்று அச்சில் இருக்கிறது. என் அறையை வேறெங்கோ மாற்றிவிட்டாய் என்று நினைத்துத் தாள் முழுக்கத் தேடினேன். மாடியிலும் தேடினேன்.

எட்டுக்கு ஏழு என்பதற்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன். அதற்கும் கோடு போட்டு, கட்டிலை எங்கே திருப்புவது என்று எழுதியிருப்பேன். ஆனால் இன்ஜினியர் தானாக எதையும் எழுதுவதில்லை. "இது யாரோட ரூம்?" என்று கேட்டிருப்பார். நீங்கள் சொன்னதை எழுதியிருப்பார்.

வலிக்கவில்லை என்றால் பொய். அழுதேன். பக்கத்துக் கட்டில்காரி "கண்ணுல என்னக்கா?" என்றாள். சுண்ணத்தூள் என்றேன்.

உன் மனைவியை ஒன்றும் சொல்லாதே. தனக்கு இடம் வேண்டும் என்று அவள் வாய்விட்டுக் கேட்டாள். வாயைத் திறக்காதவன் நீதான்.

இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லி இங்கே கேட்டுக்கொண்டிருந்தார்கள். இன்று சரி என்று சொல்லிவிட்டேன். விருந்தாளி என்றால் ஒரு நாள் கிளம்பித்தானே ஆக வேண்டும். அதற்கு வராமலே இருந்துவிடுகிறேன். அந்த அறையில் மகள் உட்கார்ந்து படிக்கட்டும்.

அவளுக்கு நீல நிறத்தில் கவுன் தைத்து அனுப்பியிருக்கிறேன். மடிப்பில் இரண்டு அங்குலம் துணி விட்டிருக்கிறேன். வளர வளரப் பிரித்துக்கொள்ளலாம்.

எல்லோரும் நன்றாக இருங்கள்.

அக்கா

நவம்பர் 9

அன்புள்ள அக்கா,

உன் ஏப்ரல் கடிதத்துக்குப் பிறகு நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முன்பு போட்ட மூன்றும் திரும்பி வரவில்லை, அதனால் உன் கைக்கு வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

வீடு முடியும் தறுவாயில் இருக்கிறது. உன் கடிதம் கிடைத்த அன்றே ஓடிப்போய் அறையைப் பெரிதாக்க முடியுமா என்று கேட்டேன். அஸ்திவாரம் போட்டாயிற்று என்றார் இன்ஜினியர். எட்டுக்கு ஏழுதான். ஜன்னலில் காலை வெளிச்சம் நன்றாக வருகிறது.

மகள் அங்கே படிக்க மாட்டேன் என்கிறாள். "அத்தை ரூம்ல நான் ஏன் படிக்கணும்?" என்று கேட்கிறாள். கவுன் மடிப்பை ஒரு தரம் பிரித்தாகிவிட்டது.

நேற்று தச்சர் அந்த அறைக்குக் கதவு மாட்டினார். தாழ்ப்பாளை இடுப்பு உயரத்தில் வைக்கச் சொன்னேன்.

"இவ்ளோ கீழயா? யாருக்கு சார்?"

"எங்க அக்காவுக்கு. கையைத் தூக்க முடியாது."

அளந்து, துளை போட்டு, மாட்டினார். இரண்டு தரம் போட்டுத் திறந்து பார்த்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "எப்ப வராங்க?"

தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

இன்றைக்கும் அவர் வேலைக்கு வருவார், அக்கா.

தம்பி