சொன்னோமே, மறந்துட்டீங்க

பட்டுக்கோட்டை
12.1.1997

கர்த்தருக்குள் அன்பான தம்பி கிளாட்சனுக்கு,

அண்ணன் எழுதுவது. நாங்கள் சுகம். துபாயில் உன் சுகத்துக்காக ஜெபிக்கிறோம். இந்த நடுக்குவாதம் வந்தபின் என் எழுத்து எறும்பு போலச் சிறுத்துவிட்டது. பொறுத்துக்கொண்டு வாசி.

நேற்று தேங்காய் மண்டியில் லாரிக்காரர் பக்கிரி, "என்ன ஐயா, பொண்ணுக்கு நிச்சயம் வச்சிருக்கீங்களாமே, எங்களுக்கெல்லாம் சொல்ல மாட்டீங்களா?" என்றார். பிரின்ஸிக்கு நிச்சயம் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். வீட்டுக்கு வந்து உன் அண்ணியைக் கேட்டேன். "சொன்னோமே, மறந்துட்டீங்க" என்றாள், அடுப்பைப் பார்த்தபடி.

தம்பி, பெயர்கள் நழுவுவது உண்மை. பதில் மனதில் இருந்தும் வாய்க்கு வர நேரமாகிறது. அதற்காகப் பெற்ற மகளின் கல்யாணப் பேச்சையா மறப்பேன்? மாப்பிள்ளை உன் கம்பெனிப் பையன் என்கிறாள். நீ என்னிடம் பொய் சொல்ல மாட்டாய். என்னிடம் சொன்னீர்களா, இல்லையா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
ஜெக்கரியா

துபாய்
26.1.1997

அன்புள்ள அண்ணனுக்கு,

கிறிஸ்துமஸ் அன்று போனில் நான்தான் சொன்னேன். "நல்லதுடா" என்றீர்கள். மறந்திருக்கிறீர்கள். வியாதிதானே, உங்கள் குற்றமா? மனதை அலட்டிக்கொள்ளாதீர்கள். எல்வின் தங்கமான பையன்.

நிச்சயத்தன்று கூட்டத்தில் உட்கார்ந்து சிரமப்பட வேண்டாம். உள்ளறையில் படுத்திருங்கள். நம் பக்கம் பேசப் பிரின்ஸியின் தாய்மாமா இருக்கிறார். மாத்திரையை வேளைக்குச் சாப்பிடுங்கள். தோள்வலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

என்றும் உங்கள் தம்பி
கிளாட்சன்

பட்டுக்கோட்டை
17.2.1997

கிளாட்சன்,

உன்னை நம்பினேன். என் தலைதான் கெட்டுவிட்டதென்று முடிவு கட்டினேன். மண்டிக்குப் போவதை நிறுத்தினேன். ஆலயத்தில் இனி வேதபாடம் வாசிக்க மாட்டேனென்று போதகரிடம் சொன்னேன். சாப்பிட்டேனா என்று உன் அண்ணியைக் கேட்டுத்தான் சாப்பிட்டேன். கிறிஸ்துமஸ் அன்று நீ பேசியதையெல்லாம் திரும்பத் திரும்ப யோசித்தேன். உன் பல்வலி, அறையில் ஏசி ஓடாதது, எல்லாம் வந்தன. கல்யாணப் பேச்சு மட்டும் வரவில்லை.

நேற்று என் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்ட பிரின்ஸி அழுதாள். "அப்பா, உங்ககிட்ட யாருமே சொல்லலப்பா. கை நடுங்குறதப் பாத்தா மாப்பிள்ளை வீட்டுல பயந்துருவாங்க, நீங்க கேட்டா மறந்துட்டீங்கன்னு சொல்லிக்கலாம்னு சித்தப்பாதான் சொன்னாரு."

என் கையை மறைக்கப் பார்த்தாய். அந்த அவமானத்தைக்கூடத் தாங்கியிருப்பேன். என் புத்தியை எனக்கே சந்தேகமாக்கினாயே, அதற்கு என்ன பெயர்டா? நாளைக்கு நிஜமாகவே மறக்கும்போது யாரைக் கேட்டுத் தெளிவேன்? உன்னைத்தானே கேட்டேன்!

இன்று பிரின்ஸியோடு பஸ் ஏறித் திருவாரூரில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். கொடுத்த காபியில் பாதி என் சட்டையில். "எனக்கு நடுக்குவாதம். கொஞ்சம் மறதியும் இருக்கு. பொண்ணுக்கு அப்பா நான்தான்" என்று சொல்லி முடிக்க நேரமானது. காத்திருந்தார்கள். எல்வினின் தாயார், "உங்களுக்கு இதுல இஷ்டமில்ல, அதான் வரலன்னு சொன்னாங்களே" என்றார். அவர்களுக்கு அப்படி ஒரு பொய்!

நிச்சயம் குறித்த நாளில் நடக்கும். சபைக்கு முன்னால் நான்தான் பேசுவேன்.

என்னிடம் சொல்லவில்லை என்று உன் கையால் ஒரு வரி எழுது.

ஜெக்கரியா

பட்டுக்கோட்டை
2.6.1997

தம்பி கிளாட்சனுக்கு,

பிரின்ஸி கல்யாணம் முடிந்தது. லீவு கிடைக்கவில்லை என்றாயாம். ஆலயத்துக்குள் நான்தான் அவளை அழைத்துப் போனேன். பாதியில் என் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. அவளும் நின்றாள். பிறகு இருவருமாக நடந்தோம்.

உன் அண்ணி செய்தது தப்பென்று ஒத்துக்கொண்டாள். அவள் மேல் கோபம் ஆறிவருகிறது. உன்னிடமிருந்து அந்த ஒரு வரி இன்னும் வரவில்லை. போனில் மட்டும் என்னை விசாரிக்கிறாயாம்.

என்னைப் போனுக்குக் கூப்பிடச் சொல்லாதே, வர மாட்டேன். பேசியதை நான் மறக்கக்கூடும். பேசாததைப் பேசியதாக நீ சொல்லக்கூடும். இனி எதுவானாலும் எழுது.

உன் அண்ணன்
ஜெக்கரியா