பதினோரு நாள் போர்டு படித்தவள்

வாலுக்கு,

நானும் உன் அப்பாவும் கை கால் முழுசாக வீடு வந்து சேர்ந்துவிட்டோம், அதில் உன் பங்கு ஒன்றும் இல்லை. நீ அங்கே நன்றாகத்தான் இருப்பாய், அப்படியே இரு. போனில் திட்டினால் ஒரு நிமிஷம்மா என்று வைத்துவிடுவாய் என்பதால்தான் எழுதுகிறேன். முழுசாகப் படி.

படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற கேம்பர் வேனை அங்கிருந்தபடியே வாடகைக்குப் பிடித்துக் கொடுத்து, அப்பாவுக்கு ரொம்ப நாள் ஆசைம்மா, நீயும் கூடப் போயிட்டு வா என்று எவ்வளவு தேனாகப் பேசினாய். பள்ளிக்கூடச் சீருடை நாற்பது உருப்படி வெட்டியபடி கிடக்க, நானும் தையல் மிஷினை மூடிவிட்டுக் கிளம்பினேன். பத்து நாள் ஒரு குறையும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கடல் பார்த்தோம், மலை பார்த்தோம், அந்த ஒரு முழ அடுப்பில் நான் போட்ட தேநீரை மனிதர் வாய்விட்டுப் புகழ்ந்தார். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர் அவர். ஓட்டுநருடன் பேசாதீர்கள் என்று பஸ்ஸில் தலைக்கு மேல் எழுதியிருந்ததைச் சொந்தக் காரிலும் சட்டமாக வைத்திருந்தவர். சின்ன வயதில் வாந்தி வருகிறது என்று சொல்லக்கூட வண்டி நிற்கும்வரை வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாயே, ஞாபகம் இருக்கிறதா? அப்படிப்பட்டவர் முதல் நாளே, அந்த போர்டுல என்ன எழுதியிருக்கு, படி என்றார். படித்தேன். ஊர்ப் பெயர், தூரம், டயர் கடை, பல் டாக்டர், வேகத்தைக் குறை, ஒன்றையும் விடவில்லை. உன் குரல் கேட்டா தூக்கம் வரமாட்டேங்குது என்று வேறு சொன்னார். இத்தனை வருஷம் கழித்து மனிதருக்கு என் குரல் பிடித்துப்போயிருக்கிறதே என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு சந்தோஷம். என்னைப் போல ஒரு பைத்தியக்காரி உண்டா?

பதினோராம் நாள் திரும்புகிறோம். வீட்டுக்கு இன்னும் ஐந்நூறு கிலோமீட்டர். சாப்பிட்ட மயக்கத்தில் நான் கண்ணசந்துவிட்டேன், அவரும் எழுப்பவில்லை. ரயில் பாலத்துக்கு முன்னால் உயரமான வண்டி போகக் கூடாது என்று ஆள் உயர போர்டு, அதற்கு அப்பால் குறுக்கே இரும்புக் கம்பி. அதில் இடித்து வேனின் கூரை டப்பா மூடி கழன்ற மாதிரி பிய்த்துக்கொண்டு பின்னால் பறந்தது. பின்னால் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்தாள். மூடி அவளுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. ஒரு முழம்தான். அவள் இறங்கி வந்து, கண்ணு தெரியலையா உங்களுக்கு என்று கேட்டாள். கோபத்தில் எல்லோரும் கேட்பதுதானே என்று நான் நினைத்தேன். உன் அப்பா மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

வேன்காரருக்குப் போன் பண்ண நம்பர் தேடியபோது டேஷ்போர்டு பெட்டிக்குள் கண் டாக்டரின் சீட்டு இருந்தது. இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதி. போர்டு படித்த அதே குரலில் அதையும் படித்துக் காட்டினேன். விழித்திரையின் நடுப்பகுதி பழுது, மாதம் ஒரு ஊசி, வாகனம் ஓட்டக் கூடாது. அவர் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டே, வாலுக்குத் தெரியும், கடைசியா ஒரு தடவை ஓட்டிக்கிறேன்னு கேட்டேன், சரின்னா என்றார். நீ சரி என்றாயாமே! அவருடைய ஆசை உனக்குப் பெரிதாகப் பட்டது, சரி. பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவள் யார்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? அப்பாவும் மகளும் கூடிப் பேசி, கண்ணுக்குப் பதிலாக என்னை உட்கார வைத்திருக்கிறீர்கள். அம்மாகிட்ட சொன்னா விடமாட்டா என்றீர்களாம். விட்டிருக்க மாட்டேன்தான். அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் நீ அங்கே எப்படித் தூங்குவாய்?

மிச்ச தூரத்தை நான்தான் ஓட்டினேன். நீ நச்சரித்து எடுக்கவைத்த லைசென்ஸ், துணி மூட்டை ஏற்றி இறக்கக் கார் ஓட்டிய பழக்கம், அவ்வளவுதான் என் வித்தை. கூரையில் பெரிய ஓட்டை, மேலே தார்ப்பாய் படபடக்கிறது. அவர் பக்கத்து சீட்டில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். நூறு கிலோமீட்டர் வரை இருவரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் மெதுவாக, அந்த போர்டுல என்ன எழுதியிருக்கு என்றார். இனிமே உங்களுக்கு எதுக்கு என்று கேட்டேன். சும்மாதான், நீ படிச்சா நல்லா இருக்கும் என்றார். ஓட்டுறவங்ககிட்ட பேசக் கூடாது என்று சொல்லிவிட்டேன். வீடு வரும்வரை அவர் பேசவே இல்லை. நானும் ஒரு போர்டும் படிக்கவில்லை. அப்படிச் செய்திருக்க வேண்டாம் என்று இன்றைக்குத் தோன்றுகிறது, அதற்கும் உன் மேல்தான் கோபம் வருகிறது.

வருகிற செவ்வாய்க்கிழமை கண்ணில் ஊசி, நான் ஓட்டிக் கூட்டிப்போகிறேன். பயணத்துக்காக ஒரு தவணையைத் தள்ளிப்போட்டிருக்கிறார், அதுவும் உனக்குத் தெரியுமோ என்னவோ. கார் சாவி என் ஊசி டப்பாவில் இருக்கிறது. அவர் உன்னிடம் சிபாரிசுக்கு வந்தால் குழையாதே. உன் கண்ணையும் காட்டு, இது குடும்பத்தில் வருமாம். வேளைக்குச் சாப்பிடு. எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு, கோபமும் கொஞ்ச நாளைக்கு உண்டு.

எழுதி முடித்ததும், என்ன எழுதினே என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உனக்கு வைத்த திட்டு, அவருக்கு வைத்த திட்டு, எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். தலையைக் குனிந்தபடி கேட்டார். என் குரல் பிடித்துப்போயிற்று என்று நான் ஏமாந்த இடம் வந்ததும், அது பொய் இல்லை, அதை அவளுக்கு எழுது என்றார். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா