பேசாமல் போன லொறி

புரட்டாதி 22, வெள்ளி

விடியற்காலையிலிருந்தே மழை. வாடை தொடங்க இன்னும் நாள் இருக்கிறது, மழை முந்திக்கொண்டது.

கடல் காவலுக்கு நிற்கும் எங்கள் பட்டாள லொறியின் வயர்லெஸ் வேலை செய்யவில்லை. கேட்கிறது, பேசத்தான் மாட்டேன் என்கிறது. திருகோணமலைக்காரன் மோர்ஸில் தட்டுவது பக்கத்து வளவில் இருந்து தட்டுவதுபோல் தெளிவு. நாங்கள் தட்டுவது அவனுக்குப் போகவில்லை. காலைச் செய்தி போகவில்லை. அடுத்ததும் போகவில்லை. மூன்றாவது தடவை அவன் தட்டும் வேகத்திலேயே எரிச்சல் தெரிந்தது.

பார்த்தவை: பற்றறி, நிறைவு. (நேற்றுத்தான் டவுனுக்குப் போய் ஏற்றிக்கொண்டு வந்தேன், பொழுது பட்டுத்தான் திரும்பினேன்.) மோர்ஸ் தட்டும் கீயின் முனைகள், உப்புப் பிடித்திருந்தது, தேய்த்தாயிற்று. வால்வு மாற்றியாயிற்று. ஏரியலுக்குப் போகும் மின்சாரத்தைக் காட்டும் முள் கொஞ்சம் துடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது.

கீயை அழுத்தும்போது லொறிக்குள் ஒரு கோயில் வாசம். சார்ஜன் மூக்கை உறிஞ்சி, நல்ல வாசம் என்றார். நேற்று ஆயுத பூசை, செட்டிபாளையம் முழுக்க அந்த வாசம்தான் என்றேன். இந்த மனிதர் இங்கிலாந்தில் பால் விற்றவராம். இங்கே வந்து எனக்கு எசமான்.

மத்தியானம் மாமா வீட்டுச் சோறு. இறால் சொதி. மரகதம் சமைத்தது என்று வாயில் வைத்ததும் தெரிந்தது. (இனி ம. என்றே எழுதுவேன். சார்ஜனுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும்.) ஐப்பசி பிறந்ததும் எங்கள் கலியாண எழுத்து. மாமா, அம்மாவின் தம்பி, போடியார், வயல் வட்டையில் பாதி அவருடையது. அவருக்கு ஒரே மகள். எழுத்து முடிந்தால் நான் அந்த வீட்டு மாப்பிள்ளையாகப் போய் இருக்க வேண்டும். சட்டைக் கையில் இந்த ஒற்றைப் பதவிப் பட்டி ஏறிய பிறகுதான் மாமா வாயில் மருமகன் என்ற சொல் வந்தது. அதற்கு முன் நான் வெறும் "அக்காட பொடியன்".

புரட்டாதி 23, சனி

மழை விடவில்லை. சப்பாத்துக்குள் தண்ணீர்.

ஏரியலைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு பல்பை மாட்டி அழுத்திப் பார்த்தேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. ஆகவே வயர்லெஸ் பெட்டியில் குற்றமில்லை, மின்சாரம் பெட்டியை விட்டு வெளியே போன பிறகுதான் எங்கோ தொலைகிறது. ஏரியல் மூட்டுகள் இறுக்கம். மண்ணுக்கு இறங்கும் கம்பி லொறியின் சட்டத்தில் பிடிக்கும் இடத்தைச் சுரண்டினேன். மாற்றமில்லை. கூரையில் ஏரியல் நிற்கும் பீங்கான் (மின்சாரம் கூரைத் தகட்டில் இறங்காமல் தடுப்பது) மட்டும் பாக்கி. அதை மூடியிருக்கும் ரப்பர்க் குல்லாயை மழையில் திறக்கக் கூடாது என்பது கட்டளை.

சார்ஜனுக்கு இன்று வேறு யோசனை. யாரோ வெளி ஆள் கை வைத்திருக்கிறான் என்கிறார். வியாழக்கிழமை பின்னேரம் தான் கடலில் குளித்துக்கொண்டிருந்தாராம், நான் டவுனில், லொறியில் டிரைவர் மட்டும். டிரைவரைக் கூப்பிட்டுக் கத்தினார். ஹனிபா காக்கா காத்தான்குடி ஆள், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூப்பு (காக்கா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன்), கத்தினால் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிற சுபாவம். ஒருவரும் வரவில்லை என்றார். திங்கள் மேலதிகாரி துரை வருகிறார், தொட்டவன் எவனானாலும் யுத்தச் சட்டத்தில் மட்டக்களப்புச் சிறையில் மறியல்தான் என்று சார்ஜன் சொன்னார். காக்கா அதற்குப் பிறகு சாப்பிடவில்லை.

வாங்க வேண்டியது: சவர்க்காரம், நெருப்புப்பெட்டி, அம்மாவுக்குப் புகையிலை.

புரட்டாதி 24, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

காலையில் வானம் கறுத்து, மழை மட்டும் சற்று நின்றது. சார்ஜன் மாதா கோயிலுக்குப் போயிருந்தார். காக்காவைக் கீழே கீயை அழுத்தச் சொல்லிவிட்டு நான் கூரையில் ஏறிக் குல்லாயைத் தூக்கினேன். பீங்கானின் மேல் நீலமாக ஒரு பொறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாசம் அங்கிருந்துதான். பீங்கானைச் சுற்றித் திருநீறு மூன்று குறி. அதன் மேல் சந்தனம், நடுவில் குங்குமம். பிள்ளையாருக்கு வைப்பதுபோல அச்சொட்டாக வைத்திருந்தது. மழை ஈரம் உள்ளே இறங்கித் திருநீறு சேறாகிக் கிடந்தது. ஏரியலுக்குப் போக வேண்டியதெல்லாம் அந்தச் சேற்றின் வழியே கூரைத் தகட்டுக்கு இறங்கி மண்ணுக்குப் போயிருக்கிறது.

கீழே இறங்கிக் காக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவராகவே சொன்னார்.

"போடியார் தட்டோட வந்தார் தம்பி. மருமகன்ட லொறி, பூசை செய்யாம விட ஏலாது எண்டார். நான் என்னெண்டு மறிக்கிற? இதில எது பேசுறது எண்டு கேட்டார். மேல கைய காட்டினன். மறுகா அவரே ஏறிட்டார்."

மாமாவுக்கு வயது ஐம்பதுக்கு மேல். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லொறிக் கூரையில் ஏறியிருக்கிறார். எனக்காக. வைத்தபின் நனையக் கூடாதென்று குல்லாயையும் பக்குவமாகப் போர்த்திவிட்டிருக்கிறார். சிரிப்பு வந்தது.

பெற்றோல் தொட்டுத் துடைத்தேன். சந்தனம் போயிற்று, பொறி ஓடிய இடம் மட்டும் கரிக் கோடாகப் பீங்கானில் பிடித்திருந்தது. அது இருக்கும்வரை மின் ஒழுக்கும் இருக்கும். மணல் தாளால் தேய்த்தேன், விரல் நுனித் தோல் போயிற்று. பிறகு அழுத்தினால் முள் எழும்பி நின்றது. திருகோணமலை உடனே பதில், வசவோடு.

இனி என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் மாமா மறியல். காக்காவும்தான். உப்புப் படிந்துவிட்டது என்றால் நம்புவார்கள், கடற்கரை. ஆனால் பீங்கானைத் தினமும் துடைப்பது என் வேலை, பழி என் மேல்தான். வியாழன் காலையிலும் துடைத்தேன்.

உப்பு என்றே எழுதிக் கொடுத்தேன்.

புரட்டாதி 25, திங்கள்

வெயில். நாசமாய்ப் போன வெயில், இன்றைக்குப் பார்த்து.

துரை வந்தார். சார்ஜன் என் பக்கத்திலேயே நின்று, பையன் கெட்டிக்காரன், மற்றபடி ஒழுங்கானவன் என்றெல்லாம் சொன்னார். அதையும் எழுத வேண்டும். நான் எதிர்பார்க்கவில்லை. துரை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, இத்தனை மைல் கரை உன் அழுக்குத் துணியால் குருடாகக் கிடந்தது என்றார். அழுக்குத் துணி! நான் என் முகம் துடைக்கிற துணியைவிடச் சுத்தமாக வைத்திருந்தேன் அந்தத் துணியை.

பட்டியை அங்கேயே கழற்றச் சொன்னார். சார்ஜனின் சவரக் கத்தியால் நானே தையலை வெட்டினேன். வெள்ளி காலை தியத்தலாவை முகாமுக்குப் புறப்பாடு. அங்கே கேபிள் சுற்றும் வேலை.

காக்கா எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு வெளியே வரவே இல்லை. பின்னேரம் எனக்கு ஒரு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். கோபிக்க முடியவில்லை. கோபித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

புரட்டாதி 26, செவ்வாய்

கடைக்குப் போனேன். சவர்க்காரம் இல்லை. அங்கே கேட்ட கதை:

போடியார் பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்தாராம். அக்காவின் மகன் பழுதாக்கிய லொறி, தான் பூசை செய்தபடியால்தான் திரும்பப் பேசியதாம். பூசை இல்லாவிட்டால் பெட்டி எரிந்தே போயிருக்குமாம். கடைக்காரர் இதை என்னிடமே சொல்கிறார், ஆறுதல் சொல்லும் முகத்தோடு. நானும் தலையாட்டினேன்.

வீடு வரும்வரை அதையே மென்றுகொண்டு நடந்தேன். அவர் அறியாமல் செய்தார், சரி. அறியாமல் பேசுகிறார், அதுவும் சரி. ஆனால் பட்டி போன கையோடு ஒருமுறை வந்து, என்ன மருமகன் நடந்தது என்று கேட்டிருக்கலாமே. லொறி நிற்கும் தோட்டத்துக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான்.

தூக்கமில்லை. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

புரட்டாதி 27, புதன்

சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன். சொல்லிவிட்டேன்.

மாமா நெல் மூடை எண்ணிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. எழுத்தைப் பற்றி நான் வாயெடுத்ததும், பார்ப்பம், பார்ப்பம் என்றார். அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் ஒருவரின் வீட்டார் பெண் கேட்டு வந்து போனார்கள் என்று தானாகவே ஒரு சொல் விட்டார். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. எல்லாம் கொட்டிவிட்டேன். குல்லாய், திருநீறு, பொறி, மறியல், நான் எழுதிக் கொடுத்த பொய், எல்லாம்.

கேட்கும்போது அவர் ஒருமுறை தன் விரல் நுனிகளைப் பார்த்தார். பிறகு எழும்பி நின்றார்.

"சாமிட சந்தனத்தில குத்தம் கண்டுபிடிக்க வந்திட்டா நீ? உன்ட கைப்பிழைய என்ட தலையில கட்டாத. பொண்ணு இல்ல. போ."

வீட்டுக்குள் ம. நிற்பது தெரிந்தது. சந்தனம் அரைத்தவள் அவளாகத்தான் இருக்க வேண்டும். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. படலை சாத்தும் சத்தம் முதுகில் கேட்டது. காட்டிக்கொடுத்திருந்தால் இந்நேரம் பட்டியும் கையில், பெண்ணும் கையில் என்றொரு நினைப்பு வழியெல்லாம் வந்தது. பெண் எப்படிக் கையில் இருந்திருக்கும், அப்பனை மறியலில் வைத்துவிட்டு? கிறுக்குப் புத்தி.

அம்மாவுக்குச் சொன்னேன். தம்பியைத் திட்டினாள், பிறகு என்னைத் திட்டினாள், பிறகு அழுதாள்.

புரட்டாதி 29, வெள்ளி

காலை. தூறல். இதை எழுதுவது லொறியின் முன் இருக்கையில். ஸ்டேஷன் வரைக்கும் காக்கா கொண்டுபோய் விடுகிறார்.

வாய்க்கால் மதகில் ம. நின்றாள், குடத்தோடு. காக்கா தானாகவே பிறேக் போட்டு, ரயரைப் பார்க்கிறேன் என்று இறங்கிப் போய்விட்டார். அவர்தான் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். நான் இறங்கினேன். உன் அப்பா நம்பவில்லை, நீயாவது நம்பு என்றேன். வேறு என்னவெல்லாமோ சொல்ல வைத்திருந்தேன், வாயில் வந்தது அதுதான்.

அவள் அழவில்லை. குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு சொன்னாள்:

"அப்பா நம்பாம இல்ல மச்சான். நீங்க சொன்ன அண்டைக்கே நம்பிட்டார், சோறு இறங்கல்ல அவருக்கு. அதாலதான் நீங்க வேணாம் எண்டுறார். நீங்க எங்கட வீட்டுல வந்து இருந்தா, ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி உங்கட மூஞ்சிலதானே அவர் முழிக்கணும்."

நான் அப்படியெல்லாம் சொல்லிக்காட்டுகிற ஆள் இல்லை என்றேன்.

"ஓம். அதுதான் அவருக்குத் தாங்க ஏலாது" என்றாள். வரம்பில் இறங்கி நடந்தாள்.